எவ்வளவு நாளா முயற்சி பண்றீங்க?

முட்டிக்கொண்டார்கள். கருத்தரிப்பு மருத்துவமனையின் இரண்டாம் மாடி, நடைபாதைத் திருப்பம். அவள் கைபேசியைப் பார்த்தபடி இந்தப் பக்கம் திரும்ப, அவன் தலையைக் குனிந்தபடி அந்தப் பக்கம் திரும்ப... நெற்றியும் தோளும் நங்கென்று மோதின.

"சாரி..." என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். சொல்லிவிட்டு நிமிர்ந்தார்கள்.

ஐயோ, அந்தக் கண்கள்... கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊரார் கண்ணைச் சோதிக்கிறவள் அவள். ஆனாலும் இப்படி அகல விரிந்த இரண்டு கண்களைப் பார்த்ததில்லை. இளம் பழுப்பு. இமை நுனியில் இன்னும் காயாத மழைத்துளி. உள்ளே, அகப்பட்டுக்கொண்ட திருடனின் முழி. யாரடா இவ்வளவு அழகாகப் பயப்படுகிறான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். அடுத்த கணம் ஆள் யாரென்று புரிந்தது. அவன் அவள் வீட்டுக்காரன்.

காலையில், "ஒரு வாஷிங் மெஷின் ரிப்பேர், ரொம்ப தூரம்" என்று கிளம்பிப் போன அதே மெக்கானிக். "கடையில இன்னைக்கு ஸ்டாக் எடுக்கறாங்க" என்று அவனிடம் சொல்லியிருந்தவள் இவள்.

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க?"

அவன் வலது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை யாராவது மறைப்பாங்களா?"

கைக்குட்டைக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. எதற்கான டப்பா என்று அந்த மாடிக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். அவன் காது மடல் சிவந்துபோனது. அதற்குள் பரிசோதனைக்கூடத்துப் பெண் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "சாம்பிளைக் குடுங்க சார். போன தடவை மாதிரி கையிலயே வெச்சுக்கிட்டு நிக்காதீங்க."

போன தடவையா? அவன் டப்பாவை ஜன்னலுக்குள் நீட்டினான். அவள் கேட்கலாமென்று வாயைத் திறந்தபோது நர்ஸ் வந்துவிட்டாள். "அட, இன்னைக்காவது ஜோடியா வந்தீங்களே. உள்ள போங்க, டாக்டரம்மா ஃப்ரீயாத்தான் இருக்காங்க." மறுக்க இடமே கொடுக்காமல் இரண்டு பேரையும் ஒரே கதவுக்குள் தள்ளிவிட்டாள்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வியைத்தான் கேட்டார்.

"குழந்தைக்கு எவ்வளவு நாளா முயற்சி பண்றீங்க?"

"ரெண்டு வருஷமா," என்றான் அவன்.

"ஆறு மாசமா," என்றாள் அவள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ஒரே வீட்லதான இருக்கீங்க?"

"பதட்டத்துல மாத்திச் சொல்றா டாக்டர். கல்யாணமாகியே ரெண்டு..." என்று சிரித்தபடி திரும்பியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

சொல்லிவிடு, என்றது மனசு. சொன்னால் இவன் போய்விடுவான், என்றது அதே மனசு. இவனை இழந்துவிடுவோமோ என்றுதான் ஆறு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தாள். இனி மறைத்தும் பயனில்லை.

"மாத்திரை சாப்பிட்டேன் டாக்டர்... கருத்தடை மாத்திரை. கல்யாணமானதுலேர்ந்து. ஆறு மாசம் முன்னாடிதான் நிறுத்தினேன். இவருக்குத் தெரியாது."

அவன் கன்னத்தில் அறை வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் ஒண்ணும் ஆகல... அந்த மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துடுச்சா டாக்டர்?"

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"அந்த எல்லாரும் எந்தக் காலேஜ்ல படிச்சாங்களாம்? நிறுத்தினதும் சிலருக்கு உடனே கரு நிக்கும், சிலருக்குச் சில மாசம் பிடிக்கும். மாத்திரையால நிரந்தரமா ஒண்ணும் கெடாது. தேதி ஒழுங்கா வருதுல்ல? அப்ப, ஒரு வருஷம் பாருங்க. ஆகலைன்னா மத்த டெஸ்ட் எடுக்கலாம்." டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "உங்க விஷயத்தைச் சொல்லட்டுமா?"

அவன் எங்கேயோ பார்த்தபடி தலையாட்டினான்.

"இவர்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. முதல் டெஸ்ட்லயே தெரிஞ்சுபோச்சு. இல்ல டாக்டர், நல்லா தேடுங்க, என்கிட்டதான் ஏதாவது இருக்கும்னு வந்து நிக்கறார். குறை இல்லைன்னதும் கண்ணு கலங்கின ஆம்பளையை இப்பதான் பாக்கறேன். தொல்லை தாங்காம சத்து மாத்திரை எழுதிக் குடுத்தேன்."

இப்போது விக்கித்துப் போவது அவள் முறையானது. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனான்.

படியிறங்கி ஓடி வந்தாள். வாசல் கூரைக்கடியில் நின்றிருந்தான். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வண்டிச் சாவி கையில் இருந்தும் கிளம்பவில்லை. அந்த மட்டில் மழைக்குப் புண்ணியம்.

"ஏதாவது பேசுங்க."

"ஒரே வீட்ல ரெண்டு பேரும் திருட்டு மாத்திரை சாப்பிட்டிருக்கோம்," என்றான் மழையைப் பார்த்தபடி. "நான் வேணும்னு. நீ வேணாம்னு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும்தான்.

"ஏன்?"

"அக்கா கதை உங்களுக்கே தெரியும். கல்யாணமான கையோட வயித்துல பிள்ளை. அப்புறம் அடி, உதை. கைக்குழந்தையோட எங்க போறதுன்னே அங்கயே கிடந்தா. நான் உங்களை ஒரே ஒரு தடவை பாத்துட்டுக் கட்டிக்கிட்டவ. ஆள் எப்படின்னு தெரியற வரைக்கும்... போறதுக்கு ஒரு வழி இருக்கட்டும்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மெடிக்கல் ஷாப்ல வாங்கிட்டு வந்து குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பீங்கன்னு இப்பத் தெரியுது. அப்ப எப்படித் தெரியும்?"

அவன் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"அப்புறம் ஏன் நிறுத்தின?"

"அத்தை என்னை மலடின்னாங்களே, அன்னைக்கு. சாப்பிட்டுட்டு இருந்த தட்டைத் தள்ளிட்டு, 'குறை எங்கிட்டம்மா, அவளை ஒண்ணும் சொல்லாத'ன்னீங்க. அடுப்படியில நின்னு கேட்டேன். எனக்காகப் பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன். மிச்சம் இருந்த மாத்திரையை அப்பவே குப்பையில போட்டுட்டேன்."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"பயம். கல்யாணமான புதுசுல உங்ககிட்ட பயமே இல்ல. உங்களைப் பிடிச்சுப் போனதுக்கப்புறம்தான் பயம் வந்துச்சு..."

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். பேசியபோது அந்தக் குரலை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் பிள்ளைக்காக இங்க வரல. நீ போயிடுவியோன்னு வந்தேன். குறை எங்கிட்டன்னா மருந்து சாப்பிடலாம். உங்கிட்டன்னா நாலு பேர் வாயை நான் அடைச்சிடலாம். ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணுமில்லைன்னா... உனக்கு என்னைப் பிடிக்காமத்தான் பிள்ளை தங்கலையோன்னு தோணும். அதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது, சொல்லு?"

சந்தேகப்பட்டவள் இவள். வதைபட்டவன் அவன். கண்ணாடி அளவெடுக்கிற கண்ணுக்கு, பக்கத்தில் படுத்திருந்தவனின் தவிப்பு தெரியாமல் போயிற்றே...

"கோபம் இருக்கு," என்றான். "சீக்கிரம் போகாது."

"இருக்கட்டும். பக்கத்துலயே இருந்து கோபப்படுங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளை வந்தாலும் பிடிக்கும், வராட்டாலும் பிடிக்கும்."

வாசல் காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"மழையில கேக்கல," என்றான் அவன்.

"கேட்டுச்சு உங்களுக்கு."

"கேட்டுச்சு... இருந்தாலும் சொல்லு."

அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை சொன்னாள்.