நெஞ்சறியின் அளவுகோல்

செவ்வந்தியின் சக்களத்திக்கும் செவ்வந்தி என்றுதான் பெயர். வயது இருபத்துநான்கு. சோறு வேண்டாம், துணிமணி வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் உலாவிச் சாளரத்துக்குள் குடியிருந்தாள். அசல் செவ்வந்திக்கு முப்பது வயது. இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே, கணவன் அகரன் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு நாளில்தான் அவளுக்குத் தெரிந்தது.

காபியோடு அறைக்குள் போனவள் திரையைப் பார்த்தாள். உலாவிக்குள் ஒரு பொய்க் கைப்பேசி. பக்கத்தில் நாடி, வியர்வை, மூச்சு, பார்வை என்று நாலு கோடுகள். அகரன் "கிளம்பிட்டேன் கண்ணு" என்று தட்டினான். நாலு கோடும் துள்ளின. கைப்பேசியில் 84 என்று எண் விழுந்தது. அகரனுக்கு வாயெல்லாம் பல்.

"யாருங்க அது?"

"நீதான்."

"நான் இங்கல்ல காபியோட நிக்கறேன்!"

"ஆறு வருசத்துக்கு முந்தின நீ. நமக்குக் கல்யாணம் ஆன புதுசு."

அப்போதெல்லாம் மணிக்கட்டில் உணர்செருகி இல்லாத ஆளே கிடையாது. உடம்புக்குள் நடப்பதை அது சொல்லும், கைப்பேசியின் செயலிகள் கேட்டுக்கொள்ளும். புதுச் செயலியைச் சோதிப்பதற்காக ஆயிரம் பேரைப் பிடித்துவந்து உட்கார வைக்க முடியுமா? அதனால் உலாவிக்குள்ளேயே ஒரு கைப்பேசியைச் செய்து, பழைய பதிவுகளிலிருந்து பாவனைச் செருகி ஒன்றையும் செய்து மாட்டிவிடுவார்கள். அன்றைக்கு அந்த ஆள் எந்தச் சொல்லுக்கு எப்படித் துடித்தாரோ, பாவனையும் அப்படியே துடிக்கும். அசல் எது, பாவனை எது என்று செயலிக்குத் தெரியவே கூடாது. ஊரார் பதிவைத் தொட்டால் வழக்கு வரும் என்பதால், சோதனையாளர்கள் சொந்த வீட்டு ஆளின் பதிவையே எடுத்துக்கொள்வது அந்தக் கம்பெனியில் வழக்கம். வீட்டு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அகரன் சோதித்துக்கொண்டிருந்த செயலிக்கு நெஞ்சறி என்று பெயர். துணைக்குத் தன்மேல் எவ்வளவு பிரியம் என்று நூற்றுக்கு எண் போட்டுக் காட்டும்.

"இப்ப எனக்கு எவ்வளவு காட்டுது?" என்றாள் செவ்வந்தி.

அகரன் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். பிறகு காபியைப் பார்த்தான். "இது ஆறிப்போகுது, குடிச்சர்றேன்" என்றான்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். நாற்பத்தொன்று.

அன்றிலிருந்து பிடித்தது சனி. சோதனை நேரம் முடிந்த பிறகும் அகரன் சாளரத்தை மூடுவதில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவில் அவளுக்கு ஒரு சேதி, மழை பெய்தால் ஒரு சேதி. கேட்டால், "சோதனைதானே" என்பான். யாரிடம் போய்ச் சொல்வாள் செவ்வந்தி? என் புருசன் என்னோடு சுத்துகிறான் என்றா? ஊர் சிரிக்காதா? வேறொருத்தியாக இருந்தால் நாலு கேள்வி கேட்கலாம். இவளை என்ன கேட்பது? இவள் கோபப்பட மாட்டாள், களைத்துப்போக மாட்டாள், மாவு வாங்கச் சொல்ல மாட்டாள். செவ்வந்திக்கு வயிறு காந்தியது.

"அவளுக்குக் கிளம்பிட்டேன் கண்ணுன்னு அனுப்பறீங்க" என்றாள் ஒரு நாள். "எனக்குக் கதவைச் சாத்திக்கோன்னு அனுப்பறீங்க."

"அவளும் நீதானே? உன் மேலயே உனக்குப் பொறாமையா?"

"ஆமாங்க. பொறாமைதான். என்ன இப்போ?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைக் கம்பெனிவரை துரத்தியது. சோதனைக் குழுவின் தலைவி ரிஸ்வானா. கல்யாணத்துக்கு வந்து வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தவள் என்ற உரிமையில் செவ்வந்தி நேராகவே கேட்டாள். "அவளை அழிச்சிருங்கக்கா."

"செயலி வெளிய போனதும் தானே அழிஞ்சிரும். அதுதான் விதி."

"அதுவரைக்கும் அவ இங்க கொஞ்சிட்டிருப்பா, நான் வீட்டுல பாத்திரம் தேய்க்கணுமா?"

ரிஸ்வானா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "உங்க சின்னவளால எங்களுக்கும் ரோதனைதான். எம்பத்தஞ்சைத் தாண்ட மாட்டேங்கறா. தொண்ணூறுக்கு மேல எப்படி இருக்கும்னு நெஞ்சறிக்குக் காட்ட ஒரு மாதிரிகூட இல்ல." சட்டென்று அவள் முகம் மாறியது. "ஒண்ணு செய்யலாம். பாவனையைக் கழட்டிட்டு அந்த எடத்துல உங்க செருகியவே நேரா மாட்டிவிடறேன். செயலிக்கும் தெரியாது, உங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவர் அனுப்பறது உங்களுக்கு வரும். யாரு ஒசத்தின்னு பாத்துரலாம்."

செவ்வந்தி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அகரன் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தான். சேதி வந்தது. "சாப்பிட்டியா கண்ணு? உன்னைப் பாக்கணும்போல இருக்கு."

இந்த மாதிரி ஒரு வார்த்தையை அவள் கேட்டு எத்தனை காலம்! எனக்குச் சொல்லாமல் இவளுக்கா? பாவி, இவளுக்கா? நெஞ்சு இடித்தது. உள்ளங்கை நனைந்தது. மூச்சு முட்டியது. கண் அவன் பிடரியைவிட்டு நகரவில்லை.

எண் 97.

அந்தப் பக்கம் அகரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அக்கா, இங்க பாருங்க! தொண்ணூத்தேழு!" என்று கத்தினான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைபோல இருந்தது அவன் முகம். ரிஸ்வானா ஓடிவந்து அந்தத் துடிப்பை அப்படியே அள்ளி, 'உச்ச அன்பு' என்று பெயர் வைத்து, நெஞ்சறியின் அளவுகோலில் சேர்த்தாள். இனி யாருடைய பிரியத்தையும் இதை வைத்துத்தான் நெஞ்சறி அளக்கும்.

அக்கா, அது பிரியம் இல்லை, வயிற்றெரிச்சல் என்று சொல்லச் செவ்வந்திக்கு வாய்வரை வந்தது. ஆனால் சின்னவள் எண்பத்தைந்து, இவள் தொண்ணூற்றேழு. ஜெயித்தவள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நெஞ்சறி வெளியே வந்தது. நாடு முழுக்கக் குய்யோ முறையோ என்று சத்தம். நல்லபடியாகக் குடும்பம் நடத்தியவர்களுக்கெல்லாம் முப்பதும் நாற்பதும் வந்தது. நாளும் பொழுதும் சந்தேகப்பட்டுச் சாகிறவர்கள் தொண்ணூறில் நின்றார்கள். சனங்களுக்குச் சூட்சுமம் பிடிபட ஒரு மாதம் ஆகவில்லை. பட்டுப்புடவைக்கு ஏறாத எண், அடுத்த வீட்டுக்காரியின் சமையலைப் புகழ்ந்தால் ஏறியது. புருசன்மார் வேண்டுமென்றே தாமதமாக வந்தார்கள். பெண்டாட்டிமார் கைப்பேசியைப் பார்த்துத் தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்கள். எரிகிறது என்றால் பிரியம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

விதிப்படி சின்னவளை அழித்தாகிவிட்டது. செவ்வந்திக்கு மனசு தண்ணீர் தெளித்த மாதிரி குளிர்ந்துபோயிற்று. எத்தனையோ நாளைக்குப் பிறகு அகரன் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து, அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். அவன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அகரன் கைப்பேசியைப் பார்த்தான். முப்பத்தொன்று.

"செவ்வந்தி, என்மேல உனக்கிருந்த பிரியமெல்லாம் எங்க போச்சு?"

"எங்க போகும்? இங்கதான இருக்கு. என்னைப் பாருங்களேன்."

அவன் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தான். தோசையைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, வாய்க்குள் போடாமல் வைத்துக்கொண்டே யோசித்தான். பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னான். "ஆபீசுல புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா. என்னோட நல்லாப் பேசறா."

செவ்வந்தியின் கை கரண்டியோடு நின்றது. "பேரு என்ன?"

அகரன் விழித்தான். பெயர் எதையும் அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று செவ்வந்திக்கு அந்தக் கணமே புரிந்துபோயிற்று. புரிந்தும் நெஞ்சு இடித்தது. உள்ளங்கை வேர்த்தது.

"தொண்ணூத்தி ரெண்டு!" என்று அகரன் பூரித்துப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியும் கண்ணு."

அவள் கையை உதறவில்லை. "நாளைக்கும் அவ வருவாளா?" என்று கேட்டாள்.