துவைக்காத சட்டை

வைக்கோல் பொம்மை நேற்றைவிடக் கனத்தது.

குதிரைக்காரர் அதைச் சேணத்திலிருந்து இறக்கி லாயத்துச் சுவரில் சாய்த்தார். மூச்சு வாங்கியது. யாரைத் திட்டலாம் என்று யோசித்தார். ஈர வைக்கோலைக் கொடுத்து எடையில் ஏமாற்றும் தீவனக்காரன்தான் முதலில் நினைவுக்கு வந்தான். ஆனால் ஈரம் காயக் காயக் கனம் குறையும். இது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. சரி, கைதான் சோர்ந்துவிட்டது போல என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். தன்னையும் அவ்வளவாக நம்புகிற ஆள் இல்லை அவர்.

ஆளைச் சுமந்து பழகாத குதிரைக்கு முதலில் பொம்மையைத்தான் ஏற்ற வேண்டும். சாக்கில் வைக்கோலை அடைத்து, கை கால் தைத்து, மனுசன் போட்ட துணியை மாட்டிச் சேணத்தில் கட்டிவிட்டால், குதிரை உதறிப் பார்க்கும், உருண்டு பார்க்கும், கடைசியில் இது போகாத சனியன் என்று ஒத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் முக்கியம். துணி துவைத்ததாக இருக்கக்கூடாது, வியர்வை நாற்றம் வேண்டும். குதிரைக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது.

பயல் என்று அவர் கூப்பிடும் இந்த இளங்குதிரை எந்தப் பொம்மைக்கும் அடங்கவில்லை. அவருடைய சட்டையைப் போட்ட பொம்மையைச் சுவரில் தேய்த்தே நார் நாராக்கியது. அதற்கும் முன்னால் அவருடைய மருமகனைக் கீழே தள்ளியிருந்தது. கால் வைக்கிற இரும்பு வளையத்தில், அங்கவடியில், அவன் இடது கால் மாட்டிக்கொண்டது. அப்படியே மைதானத்தின் கடைசி வேலிவரை இழுத்துக்கொண்டு ஓடியது. போய் எடுத்தபோது முகம் இல்லை.

முதலாளிக்கு அப்போதும் பயல் மேல்தான் ஆசை. "வெள்ளிக்கிழமை வர்றேன். யாராவது அதுமேல உக்காந்து காட்டணும். இல்லேன்னா அதுவும் எதுக்கு, நீங்களும் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லாயத்துக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைதான் குதிரைக்காரருக்கும் மகளுக்கும் வீடு. அதை விட்டால் தெரு.

"நான் ஏறுறேன்ப்பா" என்றாள் மகள். அவளும் குதிரை மேலேயே வளர்ந்தவள்தான்.

"வாயை மூடு. ஒரு பொணம் தூக்குனது போதும்."

தானே ஏறிவிடுவது என்று முடிவு செய்துதான், மகள் இல்லாத நேரத்தில் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில் மருமகனின் சட்டையும் கால்சட்டையும் மடித்தபடி இருந்தன. மோந்து பார்த்தார். துவைக்கவில்லை. பயலுக்குத் தெரிந்த மனுச வாசம் வேறு எது இருக்கிறது? ஆபத்துக்குப் பாவமில்லை. இரண்டையும் பொம்மைக்கு மாட்டி, மகள் கண்ணில் படாமல் இருக்க மேலே ஒரு பழைய கோட்டையும் போட்டார்.

பயல் அதை மோந்தது. தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அப்புறம் பசுமாடு மாதிரி நின்றது.

அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டார். அதுதான் தப்பு.

வியாழக்கிழமை மதியம் லாடக்காரர் வந்தார். பயலின் குளம்பைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நிறுத்தினார்.

"அண்ணே, யாரை ஏத்துறீங்க இதுமேல?"

"பொம்மையைத்தான்."

"பொம்மையா, இல்ல நம்ம முதலாளியா? இடது பக்கத்து லாடம் மட்டும் தேஞ்சு தகடாக் கெடக்கு. முழு ஆளு ஒருத்தன் ஒரு பக்கமாவே தொங்கிட்டு வந்த மாதிரி."

"நீ அடிச்சது மட்ட இரும்பு. அதைச் சொல்ல வாய் வராது உனக்கு."

"ஆமா, என் இரும்புக்கு இடது வலது தெரியும் பாருங்க" என்று சிரித்தார் லாடக்காரர். ஆனால் வேலை முடிந்ததும் தேநீருக்குக்கூட நிற்காமல் கிளம்பினார். போகும்போது பொம்மை இருந்த பக்கமே திரும்பவில்லை.

பொழுது இறங்கியது. தகரக் கூரை சூடு தணிந்து டிக் டிக்கென்று சுருங்க, கொள்ளும் சாணமும் பழைய தோலும் கலந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, வெயிலில் ஓடி வந்த ஆளின் கழுத்து வாடை, லேசாகக் கசிந்து வருவதை அவர் ரொம்ப நேரம் கவனிக்காத மாதிரியே இருந்து பார்த்தார். இருக்க முடியவில்லை. கத்தியை எடுத்துப் பொம்மையின் வயிற்றுத் தையலைப் பிரித்தார். கல் வைத்திருப்பான் எவனாவது. மண் போட்டிருப்பான். முதலாளியே ஆள் வைத்துச் செய்திருந்தாலும் செய்திருப்பார். முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார்.

வைக்கோல். வெறும் வைக்கோல். காய்ந்து சருகாக இருந்தது.

நெஞ்சுப் பக்கம் மட்டும் சூடாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பொம்மையின் இரண்டு காலையும் குதிரை வயிற்றுக்கு அடியில் சேர்த்துக் கட்டுவதுதான் அவர் வழக்கம். தினமும் அவிழ்க்கும்போது இடது கால் மட்டும் அங்கவடிக்குள் இருந்தது. தினமும். பயல் ஆடிய ஆட்டத்தில் நழுவியிருக்கும் என்று எடுத்து விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பயல்தான் ஆடவே இல்லையே.

பொம்மையைக் கொல்லைக்கு இழுத்துப் போனார். தூக்க முடியவில்லை. தரையில் அதன் குதிகால்கள் கோடு போட்டுக்கொண்டே வந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். வைக்கோல் குப்பென்று பிடித்து அடங்கியது. சட்டை மட்டும் ரொம்ப நேரம் எரிந்தது. அது எரிந்து முடியும்வரை பயல் தடுப்புக்கு மேல் தலையை நீட்டி நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றது. நெருப்புக்கு மிரளாத குதிரையை அவர் பார்த்ததில்லை.

உள்ளே வந்தார். மரக்கட்டையில் சேணம் தனியாகக் கிடந்தது. தோல் முனகியது. யாரோ அதில் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி.

விளக்கை அணைக்காமலே போய்ப் படுத்தார்.

விடிந்ததும் மகள் வாசலில் நின்றாள். "என் பெட்டியைத் தொட்டீங்களா?"

அவர் பாயைச் சுருட்டினார்.

"சட்டை எங்கப்பா?"

"எரிச்சுட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை. "துவைக்காம வச்சிருந்தேன்ப்பா. பக்கத்துல வச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வரும். அவருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்றாள் மெதுவாக. "இப்ப அவரு எங்க போவாரு?"

வெளியே கார் சத்தம் கேட்டது.

முதலாளி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். குதிரைக்காரர் சேணத்தைக் கட்டினார். பயல் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. அவர் அங்கவடியில் காலை வைக்கப் போனபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு தரம். இன்னொரு தரம். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தள்ளுங்கப்பா" என்றாள் மகள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பயல் சாதுவாக நின்றது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு அறை இருந்தது. அவர் தள்ளி நின்றார்.

அவள் திண்டு மேல் ஏறி நின்று, அங்கவடியை மிதிக்காமலே ஒரே தாவலில் உட்கார்ந்தாள். பயல் நடந்தது. அழகாக நடந்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி அவர் பக்கத்தில் வந்து தானாக நின்றது. முதலாளி கைதட்டினார். குதிரைக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. வீடு தப்பியது. பிள்ளை தப்பியது.

"போதும். இறங்கும்மா."

அவள் இறங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "அப்பா, அங்கவடிக்குள்ள கால் போக மாட்டேங்குது."

"வேண்டாம். அப்படியே குதி."

"முடியலப்பா."

அவர் கிட்டே போனார். கருகிய துணி வாடை. அதற்கு அடியில் கழுத்து வியர்வை. மகளின் இடுப்பில் சட்டைத் துணி இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தில் விரல் விரலாக மடிப்பு. அவர் பார்க்கப் பார்க்க மடிப்பு இறுகியது.

"அப்பா, பிடிங்கப்பா."

கடிவாளத்தைப் பிடிக்கப் பாய்ந்தார். கைக்கு எட்டவில்லை. யாரும் குதிகாலால் தட்டாமலே பயல் திரும்பியது. கடைசி வேலியைப் பார்த்துத் திரும்பியது. மெதுவாக நடந்தது. அப்புறம் ஓடியது.

வராந்தாவில் முதலாளி இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மகளின் இரண்டு காலும் பிடிப்பில்லாமல் காற்றில் ஆடிக்கொண்டு போயின. அவற்றுக்குப் பின்னால் இரண்டு அங்கவடியும் ஆடவில்லை. வார் விறைக்க, இடது பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக, நேராகக் கீழே இழுபட்டு நின்றன.