திரும்பி வந்த தொட்டில் கேமரா

கேமரா இன்னும் பெட்டிக்குள்தான், நுரைத்தாள் சுற்றியபடி இருந்தது. ஆனால் அதனோடு வந்த கைத்திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பொருட்களைச் சோதித்துப் பிரிக்கும் கிடங்கு அது. ஈர அட்டையும் பசைநாடாவும் முன்பின் தெரியாதவர்களின் அலமாரி வாசனையும் கலந்து, மாலையானால் காற்றே கனத்துப்போய் அங்கே வேலை பார்க்கும் அவள் மேசையைச் சுற்றித் தேங்கிக் கிடக்கும். தூங்கும் குழந்தையை அடுத்த அறையிலிருந்து பார்ப்பதற்கான இந்தக் கேமரா மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. மூன்று வீட்டாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்: பழுதில்லை, வேண்டாம்.

சாம்பல் நிறத் திரையில் ஒரு தொட்டில். அதன்மேல் தொங்கும் துணிமீன்கள். ஓரகத்தியின் குழந்தைக்கு அவளே தைத்த மீன்கள் அவை. வீடே தாங்கும் குழந்தை. பெரியம்மா தூக்கினால் மட்டும் வீறிடும் குழந்தை. இவள் வருடக்கணக்காகக் காத்திருக்க, நேற்று வந்தவள் மடியில் போய் விழுந்தது.

"என்னம்மா, சீரியலா பாக்குற?" என்று மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கத்தினார். "ஓடுச்சுன்னா பச்சை ஒட்டு, ஓடலைன்னா சிவப்பு. அவ்வளவுதானே!"

தொட்டிலருகே நிழல் அசைந்தது. ஒரு பெண்ணின் முதுகு. இடப்பக்கம் சரிந்த கொண்டை. கட்டம் போட்ட மேல்சட்டை.

இவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். அதே கட்டங்கள்.

ஓரகத்தியைப் போனில் அழைத்தாள்.

"அக்கா! வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே போனா? சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவில்லையா?" ஓரகத்தி சிரித்தாள். "மாடியில துணி எடுக்கிறேன். நீங்க பாத்துக்கிறேன்னு சொன்னதாலதானே வந்தேன். அழுறானா?"

திரையில் அந்தப் பெண் குனிந்தாள். தூக்கினாள்.

குழந்தை அழவில்லை.

தூக்கியவளின் கன்னத்தைத் தடவியது. சிரித்தது.

அது நானில்லை, கீழே ஓடு. அவ்வளவு சொன்னால் போதும். ஆனால் பயத்துக்கும் அடியில் வேறொன்று புகைந்தது. பழைய புகைச்சல். ஒருநாளாவது ஓரகத்தி கை வெறுங்கையாகட்டும். ஒருநாளாவது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? இறங்கி வரட்டுமா?"

"வேண்டாம்," என்றாள். "மெதுவா வா. நான் பாத்துக்கிறேன்."

திரையில் இருந்தவள் திரும்பினாள். இவள் முகமேதான், ஆனால் மனம் நிறைந்த முகம். குழந்தையின் கையைப் பிடித்து இவளுக்கு டாட்டா காட்ட வைத்தாள். பிறகு அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, படத்தின் ஓரத்தைத் தாண்டி நடந்தாள்.

கைத்திரையில் வீட்டு வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.