நீல நூலுக்குக் கீழே

தை மாதக் காலையில் ஏரித் தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. கறுப்பையா கண்ணாடிக் குச்சியைக் கயிற்றோடு மேலே இழுத்து, துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். உள்ளே பாதரசம் நீல நூலைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே நின்றது. குச்சி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்ப இறக்கினான். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் பொறுத்து இழுத்தான். அதே இடத்தில்தான் நின்றது.

கண்டிப் பக்கம் ஹுன்னஸ்கிரிய மலைக்கு மேலே இருந்த அந்தக் கோப்பித் தோட்டத்துத் துரைக்கு நீச்சல் பைத்தியம். எண் படிக்கத் தெரியாத கறுப்பையாவுக்காகக் குச்சியில் ஒரு நீல நூலைக் கட்டிக் கொடுத்திருந்தார். ஏரிக்குள் நீண்டிருந்த பலகைப் பாலத்தின் நுனிவரை போய் ஆழத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். பாதரசம் நூலுக்கு மேலே ஏறினால் கம்பத்தில் வெள்ளைத் துணி, யாரும் நீந்தலாம். கீழே நின்றால் சிவப்புத் துணி. கரையில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம், இறங்கக் கூடாது. பங்குனியிலிருந்து ஐப்பசிவரை வெள்ளைதான். கார்த்திகை பிறந்தால் நாளுக்கு நாள் மாறும். மார்கழியும் தையும் மாசியும் பெரும்பாலும் சிவப்பிலேயே கழியும்.

போன மாதம், மார்கழியில் ஒருநாள் அவன் நுனிவரை போகவில்லை. பலகை பனியில் வழுக்கியது, அவனுக்கும் சோம்பல், வேறென்ன. பழம் உரிக்கிற ஸ்டோரில் தொட்டி தொட்டியாகக் கோப்பிக்கொட்டையைப் புளிக்கப் போட்டிருந்த காலம் அது. கொட்டைமேல் ஒட்டிய வழவழப்பைக் கழுவிவிட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக, புளித்த நாற்றத்தோடு வாய்க்கால் வழியே வந்து ஏரியில் விழும். அந்த வாய்க்கால் வாயிலேயே குச்சியை முக்கினான். பாதரசம் நூலைத் தாண்டி ஏறியது. வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தான்.

அவன் பெண்சாதி வேலாயி, இராமநாதபுரத்தில் கண்மாய்க்கரையில் பிறந்தவள். குளிர் தண்ணீர் ஆளை என்ன செய்யும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எங்கே தெரியும். துணியைப் பார்த்துவிட்டு, நடு ஏரிப் பாறைவரை போய்த் திரும்புகிறேன் என்று இறங்கினாள். பாதி வழியில் அவள் கை நின்றது. அவள் கத்தவில்லை. கழுத்துவரை தண்ணீரில் நிமிர்ந்து நின்றபடி அவனையே பார்த்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அவன் கையை ஆட்டினான்.

ஏழு நாள் மூங்கில் விட்டுத் துழாவியும் உடம்பு கிடைக்கவில்லை. நரம்பு சுண்டி இழுத்திருக்கும் என்றார் கங்காணி. கறுப்பையா தலையாட்டினான். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியை அப்படியே குடித்தான்; நாக்கு வெந்திருப்பதை மற்றவர்கள் பார்த்துச் சொன்னார்கள். உள்ளங்காலில் முள் இருந்தது, எந்த நாளில் ஏறியதென்று அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது தொட்டிகள் காய்ந்து ஒரு மாதமாகிறது. கடைசி மூட்டையும் கண்டிக்குப் போய்விட்டது. வாய்க்காலில் சருகு கிடந்தது. ஆனாலும் பலகை நுனியில் அந்தப் புளித்த நாற்றம் வந்தது. அவன் குனிந்து கையை முக்கினான். ஆள் உடம்பில் இருக்கிற சூடு.

அவன் சிவப்புத் துணியைக் கட்டினான்.

"என்ன மச்சான், இன்னைக்கும் செவப்பா?"

கஞ்சிச் சட்டியோடு மூக்காயி வந்து நின்றாள். வேலாயியின் தங்கச்சி. கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவனுக்கு அடுத்த அறை, பக்கத்துக் காம்பிரா. அக்கா போனபிறகு அவள்தான் அவனுக்கு ஒருவேளைக் கஞ்சியாவது கொண்டுவருகிறாள். அவளும் கண்மாய்க்கரைக்காரி, தண்ணீரைப் பார்த்தால் கால் நிற்காது. சட்டியை வைத்துவிட்டுக் கரையிலிருந்தே கையை நனைத்தாள்.

"வெதுவெதுன்னுல்ல இருக்கு."

"குச்சி கீழதான் காட்டுது. எறங்காத புள்ள."

அவள் கையைப் புடவையில் துடைத்தாள்.

"அக்கா போன அன்னைக்குக் குச்சி என்ன காட்டுச்சு மச்சான்?"

"மேலதான் காட்டுச்சு. சத்தியமா."

சத்தியம் பொய்யில்லை. முழு உண்மையைச் சொன்னால் அவள் இனி எந்தத் துணியையும் நம்ப மாட்டாள், தண்ணீரிலும் இறங்க மாட்டாள், உயிர் பிழைத்துக்கொள்வாள். ஆனால் இந்தக் கஞ்சி நின்றுபோகும். இந்த மலையில் அவன் முகத்தைப் பார்த்துப் பேச வேறு யாரும் இல்லை. கறுப்பையா கஞ்சியைக் குடித்தான். அது சூடாக இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்தபோது அவன் கம்பளிக்குள் கண்ணைத் திறந்து கிடந்தான். கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டும் சத்தம், எங்கோ ஒரு காம்பிராவில் விறகு வெடிக்கும் சத்தம், தூரத்தில் கங்காணியின் கொம்பு, எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல மந்தமாகக் கேட்டன. எழுந்து குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினான். மூடுபனியில் ஏரி தெரியவில்லை, கம்பம் மட்டும் தெரிந்தது.

கம்பத்தில் வெள்ளைத் துணி.

அவன் கட்டவில்லை. தொட்டுப் பார்த்தான். நனைந்து, வழவழவென்று இருந்தது. கோப்பி வழவழப்பு. முடிச்சு இடதுகை முடிச்சு. வேலாயி இடதுகைக்காரி.

கரையில் மூக்காயியின் கம்பளி மடித்து வைத்தபடி இருந்தது.

அவன் பலகையில் ஓடினான். பனி கொஞ்சம் விலகியது. பாறைக்குப் பாதி வழியில் ஒரு தலை. வாயிலிருந்து மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

"மூக்காயி, வந்துரு."

"நல்லாத்தான் இருக்கு மச்சான். துணி வெள்ளதான?"

"நான் கட்டல. வந்துரு புள்ள." நாற்பது நாளாக உள்ளே கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அன்னைக்கு நான் ஆழத்துல பாக்கல. வாய்க்கால்லதான் முக்குனேன். அதுனாலதான் உங்கக்கா செத்துச்சு."

தண்ணீர் அசையவில்லை. மூக்காயியின் கையும் அசையவில்லை. கழுத்துவரை நிமிர்ந்து நின்றாள்.

"தெரியும் மச்சான்," என்றாள். குரல் மெதுவாக, தூக்கத்தில் பேசுகிறவள்போல வந்தது. "அக்கா இப்பத்தான் சொல்லிச்சு."

அவளுக்குப் பின்னால் இன்னொரு தலை எழுந்தது. தலைமுடி முழுக்க வழவழப்பு. அவனையே பார்த்தது.

அந்த வாயில் மூச்சுப் புகை இல்லை.

குதிக்கலாம். கால் வரவில்லை. கத்தலாம். வாய் திறந்தது, சத்தம் இல்லை. அவன் வாயிலிருந்தும் புகை வரவில்லை. கையைப் பார்த்தான். உள்ளங்கைக்குள் குச்சியை இறுக்கிப் பிடித்திருந்தான். பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது. நூலைத் தொட்டது. நூலுக்குக் கீழே போனது. நிற்கவில்லை.

நிமிர்ந்தான்.

இரண்டு தலைகள். பக்கத்தில் பக்கத்தில். மூக்காயியின் புகை சின்னதாக ஒருமுறை வந்தது. இன்னொருமுறை.

பிறகு வரவில்லை.

பின்னால் நின்ற தலை ஒரு கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கியது. இடது கை. அதை மெல்ல அவனைப் பார்த்து ஆட்டியது.