கொல்சாகுவாவில் பொழுது படும் நேரம்

இலங்கையில் போர் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொல்லி மூன்று நாளாகியிருந்தது. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டின் தமிழ் வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிந்த அந்த வியாழக்கிழமை, இரண்டரை மணியளவில், மேரிசெலின் வந்து நேசரட்ணத்தின் வீட்டு மணியை அடித்தாள்.

நேசரட்ணம் நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் மொழிபெயர்ப்பாளர். இருபது வருடமாக மற்றவர்களின் உண்மையையும் பொய்யையும் டேனிஷுக்கு மாற்றிக் கொடுத்தவர். ஒரு சொல் பிசகினாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஊர்ச்சனம் தங்கள் சிக்கல்களை அவரிடம் கொண்டுவரும். அந்தப் பெருமையில் பாதி தன்னுடையது என்பது அவர் மனைவி தேவமலரின் எண்ணம்.

“அண்ணை, இவர் சிலிக்குப் போகேல்லை,” என்றாள் மேரிசெலின்.

அவள் கணவன் அந்தோனிமுத்து ஒரு வைன் இறக்குமதிக் களஞ்சியத்தில் வேலை. கம்பனி தன்னைச் சிலியின் கொல்சாகுவாப் பள்ளத்தாக்குக்கு வைன் பண்ணைகள் பார்க்க அனுப்புகிறது என்று சொல்லிவிட்டு, மூன்று கிழமைக்கு முன் புறப்பட்டவன். நேற்று அவள் கம்பனியைக் கேட்டபோது, ஒருவரையும் அனுப்பவில்லை, அவன் விடுமுறையில் நிற்கிறான் என்றார்கள்.

“அப்ப வேற ஆரோ ஒருத்தி இருக்கிறாள்,” என்று தேவமலர் முந்திக்கொண்டாள். நேசரட்ணம் திரும்பிப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மேரிசெலின் மே ஒன்பதாம் திகதி அவனிடமிருந்து வந்த மின்னஞ்சலை அச்செடுத்த தாளை நீட்டினாள். அவர் சத்தமாக வாசித்தார். “இண்டைக்கு ரெண்டு பண்ணை பார்த்தம். மரப்பீப்பா அடுக்கின நிலவறை, குளிரெண்டா அப்பிடிக் குளிர். மெர்லோ எண்டு நூறு வருசமா நினைச்சு வளர்த்த திராட்சை, கார்மெனேர் எண்ட வேற இனமாம். அந்த வைனில மிளகு வாசம். கொடியெல்லாம் இளந்தளிர், கெதியில பூக்குமாம்.”

“ரெலிபோன் எடுக்கிறவரோ?” என்று கேட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை எடுத்தவர். நான் வேலையால வந்து சப்பாத்துக் கழட்டேக்க, சரியா மூண்டு மணி. ‘பொழுது படுது, வானமெல்லாம் சிவப்பு’ எண்டவர்.”

“என்ன உடுப்புக் கொண்டுபோனவர்?”

“மெல்லிய சேட்டுகள்தான். குளிர்ச்சட்டை அலுமாரியில தொங்குது. பிறகு, அல்பத்தில ஒரு படத்தையும் காணேல்லை. என்ர தங்கச்சி றோஸின்ர.” கடைசிச் சொற்களை அவள் மேசைவிரிப்பைப் பார்த்துச் சொன்னாள்.

நேசரட்ணம் மின்னஞ்சல் தாளை மடித்து வைத்தார்.

“சிலி பூமியின்ர தென்பக்கம். எங்களுக்கு வசந்தமெண்டா அவைக்கு இலையுதிர்காலம். மே மாசம் திராட்சை வெட்டி முடிஞ்சு, இலை பழுத்துக் கொட்டுற நேரம். இளந்தளிர் எங்கால வந்தது? ஆரோ ஒக்ரோபரில படமெடுத்த விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். இனி ரெலிபோன். இஞ்ச பின்னேரம் மூண்டெண்டா சிலியில காலமை ஒன்பது. அங்க பொழுது படாது. எழுதேக்க யோசிச்சுப் பொய் சொன்ன மனிசன், கதைக்கேக்க கண்ணால கண்டதைச் சொல்லிப்போட்டார். அந்த நேரம் எங்க பொழுது படும்?”

தேவமலர் விரல்விட்டு எண்ணினாள். “மூண்டரை மணித்தியாலம் கூட்டினா ஆறரை… ஐயோ, ஊரில!”

“ஓம். படத்தைக் காட்டி ஆள் தேடப் போயிருக்கிறார். சண்டையால வந்த சனத்தை அடைச்சு வைச்சிருக்கிற வவுனியா முகாமுகளுக்கு. ஆனா பிள்ளை, உம்மட தங்கச்சியைத் தேடப் போறவர் உமக்கு ஏன் ஒளிச்சவர்? அதை நீர்தான் சொல்லவேணும்.”

மேரிசெலின் மேசைவிரிப்பின் மடிப்பை நீவினாள்.

“ரெண்டு வருசத்துக்கு முதல் றோஸ் கடிதம் போட்டவள். என்ர மூத்த பெடியனை எப்பிடியாவது அங்க கூப்பிடு அக்கா எண்டு. அவள் செய்த கலியாணம் எனக்குப் பிடிக்கேல்லை, அந்தக் கோவம். கடிதத்தைக் கிழிச்செறிஞ்சன். இந்த வீட்டில இனி அவளின்ர பேர் எடுக்கக்கூடாதெண்டு இவரிட்டச் சத்தியம் வாங்கினன்.”

அவள் பையில் கைத்தொலைபேசி அடித்தது. மணி மூன்று.

“சிலிக்கதை வேண்டாம்,” என்றாள் அவள். “றோஸைக் கண்டனீங்களோ?”

மறுமுனையில் அந்தோனிமுத்து. அவன் குரல் தேவமலருக்கும் கேட்டது. “முந்தநாள் கண்டனான். முகாம் வேலிக்கு அங்கால நிக்கிறாள். உயிரோட இருக்கிறாள்.”

மேரிசெலின் சிலுவை போட்டுக்கொண்டாள். “பெடியன்?”

“பெடியன் இல்லை, செலின்.”

“நாளைக்கு எப்பிடியாவது அவளோட கதைக்க ஒழுங்குபண்ணுங்கோ. ஒரு சொல்லு சொன்னாப் போதும்.”

“கேட்டுப் பார்த்தனான். தனக்கு அக்கா இல்லையாம்.”

அவள் தொலைபேசியை மேசையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்துத் தேவமலர் பக்கத்தில் போய் நின்றாள். அவள் அழவில்லை.

“அண்ணை, உங்களுக்குச் சட்டம் தெரியும். நான் அப்ப அவனைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தா அவன் வந்திருப்பானோ?”

நேசரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். “இல்லைப் பிள்ளை. அக்கா தங்கச்சியின்ர பிள்ளையளை இந்த நாட்டுச் சட்டத்தில விடமாட்டாங்கள்.”

அது ஆறுதல் என்று தேவமலர் நினைத்தாள். மேரிசெலின் எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். நாலு மணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை.

“அப்ப, ஏலாதெண்டு ஒரு பதிலாவது போட்டிருக்கலாம்,” என்றாள்.