வேனுக்கு எந்த மூக்கில் சளி?

மஞ்சள் விளக்கை முதலில் பார்த்தது சுல்மாதான். அவளால்தான் பார்க்க முடியும். அம்மா ஆளேற்றிச் சவாரி ஓட்டும் வேனில் ஸ்டீயரிங் மட்டும்தான் அம்மாவுக்கு முன்னால் இருந்தது. வேகம் காட்டும் முள், பெட்ரோல் காட்டும் முள், குட்டிக் குட்டி விளக்குகள் எல்லாம் பக்கத்து இருக்கையில் உட்காரும் சுல்மாவுக்கு முன்னால் இருந்தன.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எல் ஆல்தோ ஊரில் எத்தனையோ வேன்கள் இப்படித்தான். ஜப்பானில் ஓடிக் களைத்த வண்டிகள் கப்பலேறி, மலையேறி எங்கள் பொலிவியாவுக்கு வந்து சேரும். ஜப்பான்காரர்களுக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், எங்களுக்கு இடது பக்கம். அதனால் பட்டறைக்காரர்கள் ஸ்டீயரிங்கைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டிவிடுவார்கள். முள்ளையும் விளக்கையும் மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்துவிடும்.

ஆகவே, பள்ளிக்கூடம் விட்டதும் வேனில் ஏறி அம்மாவுக்கு வேகம் சொல்வது ஒன்பது வயது சுல்மாவின் வேலை.

“முப்பது... முப்பத்தஞ்சு... அம்மா, நாப்பத்தஞ்சு! மெதுவா!”

“சரிங்க போலீஸ்காரம்மா,” என்பாள் அம்மா எவுசெபியா.

அந்தத் திங்கட்கிழமை சுல்மா வேகம் சொல்லவில்லை.

“அம்மா, மஞ்சள் லைட்டு ஒண்ணு எரியுது.”

“எந்த லைட்டு?”

“இஞ்சின் படம் போட்டது.”

அம்மா பதில் சொல்வதற்குள் பின் இருக்கையிலிருந்து ஒரு பயணியின் குரல் வந்தது. “ஏம்மா டிரைவரம்மா, பின்னாடி அடுப்பு ஏதும் மூட்டியிருக்கியா? ஒரே கரும்புகையா வருதே!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஓட்டுநர் சங்கத்தில் புகைச் சோதனை. கரும்புகை விடும் வேனுக்கு ஒரு வருஷம் சங்கத்தின் தடத்தில் ஓட அனுமதி கிடையாது. ஒரு வருஷம் வேன் சும்மா நின்றால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இந்த வேனை வாங்குவதற்காக அம்மா இரண்டு வருஷம் சிலி நாட்டில், ஒரு பெரிய வீட்டில் துடைத்துப் பெருக்கி வேலை செய்தாள். சுல்மா மாமா வீட்டில் இருந்தாள். அம்மா திரும்பி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே சிலி வீட்டுக்காரம்மா போன் செய்தாள். அவள் குரல் அடுப்படி வரைக்கும் கேட்டது.

“திரும்ப வர்றியா, எவுசெபியா? சனிக்கிழமைக்குள்ள சொல்லு. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்.”

அம்மா ‘வர மாட்டேன்’ என்று சொல்லவில்லை. “சனிக்கிழமை சொல்றேங்க,” என்றாள். மறுபடியும் இரண்டு வருஷமா? சுல்மாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் மாமா ஃபவுஸ்தோ வந்தார். அம்மாவின் தம்பி, மெக்கானிக். ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை. கைக்கு அடக்கமான ஒரு கருவியை வேனில் செருகினார். அதன் திரையில் கோளாறைச் சொல்லும் ஒரு எண் வந்தது.

“நெனச்சேன்! ஆக்சிஜன் சென்சார். ரெண்டாம் வரிசை.”

“அப்படின்னா?” என்றாள் சுல்மா.

“அது வண்டியோட மூக்கு, கண்ணு. புகைக் குழாய்ல உக்காந்து மோந்து பாக்கும். பெட்ரோல் அதிகமா, கம்மியான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மூக்குல சளி பிடிச்சா வாசனை தெரியுமா? ‘பெட்ரோல் பத்தல, பத்தல’ன்னு பொய் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி அள்ளி ஊத்தும். அதான் கரும்புகை.”

“ஒரே மூக்குதானே மாமா? மாத்திடலாமே.”

“இந்த இஞ்சின்ல சிலிண்டர் ரெண்டு வரிசை. வரிசைக்கு ஒரு மூக்கு. இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு.”

“ரெண்டாம் வரிசைன்னா எந்தப் பக்கம்டா?” என்று கேட்டாள் அம்மா.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஜப்பான் புத்தகத்திலிருந்து எடுத்த நகல். எழுத்து ஒன்றும் புரியாது. படம் மட்டும் இருந்தது. நடுவில் இஞ்சின், மூலையில் ஒரு ஸ்டீயரிங், இரண்டு மூக்குகளுக்குப் பக்கத்தில் ‘1’, ‘2’ என்ற எண்கள்.

“இதோ பாருக்கா, ரெண்டாம் நம்பர் ஸ்டீயரிங் பக்கம் இருக்கு. நம்ம ஸ்டீயரிங் எங்க? இடது பக்கம். அவ்வளவுதான் விஷயம்!”

வியாழக்கிழமைச் சந்தையில் புது மூக்கு ஒன்றை வாங்கினார்கள். விற்றவன் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். மாமா வேனுக்கு அடியில் படுத்து, இடது பக்கத்துப் பழைய மூக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டினார். கருவியை அழுத்தி விளக்கையும் அணைத்தார். அம்மா அவருக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் சுல்மா வேனில் ஏறினாள். பத்து நிமிஷம்கூட ஓடவில்லை.

“அம்மா...”

“சொல்லாத. சொல்லவே சொல்லாத!”

“எரியுது அம்மா.”

அதற்குப் பிறகு நடந்ததைக் குழப்பம் என்று சொன்னால் போதாது. மாமா வந்தார். கருவியைச் செருகினார். அதே எண். கழற்றிச் செருகினார். அதே எண்தான்.

“புது மூக்குக்குமா சளி?” என்றாள் அம்மா.

“ஒயர் போயிருக்கும்,” என்றார் மாமா. ஒயர் நன்றாகத்தான் இருந்தது. “அப்ப சந்தைக்காரன் போலியைக் குடுத்துட்டான்.” சிறிது நேரம் கழித்து, “கம்ப்யூட்டரே போயிருக்கும்க்கா. ஞாயித்துக்கிழமைச் சந்தையில தேடிப் பாப்போம்,” என்றார்.

“சோதனை நாளைக்குடா!”

அதற்குள் தெருவே கூடிவிட்டது. மூலையில் சோளக் கஞ்சி விற்கும் பிரிமித்திவா அத்தை, கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

“இந்த உசரத்துல மனுசனுக்கே மூச்சு வாங்குது. வண்டிக்கு வாங்காதா? வர்றவங்க போறவங்களுக்குக் கோக்கா இலை டீ குடுக்குறோமே, அதுக்கும் ரெண்டு கப் ஊத்து, எவுசெபியா.”

“எங்க ஊத்த?”

“அதெல்லாம் எனக்குத் தெரியுமா? உன் தம்பிதானே மெக்கானிக்கு!”

சொன்னதோடு நிற்காமல் இரண்டு கெட்டில் டீயோடு வந்த அத்தையை மாமா ஓடிப்போய்த் தடுத்தார்.

இன்னொரு ஓட்டுநர் தாடையைத் தடவினார். “வண்டி வாங்கினா பூமித்தாய்க்குப் பீர் தெளிச்சுக் கும்பிடணுமே, தெளிச்சீங்களா?”

“தெளிச்சோமே. இஞ்சினுக்கும் தெளிச்சோம், நாலு டயருக்கும் தெளிச்சோம்.”

“ஸ்டெப்னிக்கு?”

அம்மா திருதிருவென்று விழித்தாள். ஸ்டெப்னிக்குத் தெளிக்கவில்லை! உடனே ஓடிப்போய் ஒரு பாட்டில் வாங்கி வந்து, பாவாடை நனைவதைக்கூடப் பார்க்காமல், அந்த ஐந்தாவது டயரைக் குளிப்பாட்டினாள். காகிதப் பூக்களையும் தூவினாள். வண்டியைக் கிளப்பினார்கள். ஸ்டெப்னி கமகமவென்று மணத்தது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“மெக்கானிக்கு ஐயா, அடுத்து வண்டிக்குக் கண்ணாடி போட்டுப் பாருங்க,” என்று யாரோ கேலி செய்தார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவின் காது சிவந்துபோனது.

சுல்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒயரா, கம்ப்யூட்டரா, உயரமா, ஸ்டெப்னியா? பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லோருமே ரொம்ப நிச்சயமாகச் சொன்னார்கள். அதுதான் அவளை இன்னும் குழப்பியது. வேனில் ஏறித் தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. நாளைக்கு அம்மா போனில் என்ன சொல்லுவாள்?

மாமா விட்டுவிட்டுப் போன தாள் அங்கே கிடந்தது. அழுகையை மறைக்க அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

படத்தில் ஸ்டீயரிங் இருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு சின்ன வட்டங்கள். அந்த வட்டங்களுக்குள் முள். சுல்மா தாளைக் கீழே இறக்கினாள். அதே இரண்டு வட்டங்கள், அதே முள், அவளுக்கு எதிரே இருந்தன.

‘படத்துல ஸ்டீயரிங்கும் முள்ளும் ஒண்ணா இருக்கு. நம்ம வண்டியில முள்ளு இங்க இருக்கு, ஸ்டீயரிங் அம்மாகிட்ட இருக்கு. இதென்ன கூத்து?’

இரண்டு கைகளையும் நீட்டி, வண்டி ஓட்டுவதுபோல் காற்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முள் நேராகத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். முள் இருந்த இடத்துக்குக் கீழே ஓர் ஓட்டை. யாரோ பழைய துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். ஸ்டீயரிங் முன்பு இருந்த இடம்!

படத்திலிருக்கும் ஓட்டுநர் அம்மாவின் இருக்கையில் இல்லை. சுல்மாவின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்! ஸ்டீயரிங்தான் இடம் மாறியது. இஞ்சின் மாறவே இல்லை. அப்படியென்றால் சளி பிடித்த மூக்கு... வலது பக்கம்!

“அம்...” என்று கத்த வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். வெளியே மாமா எல்லோருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இப்போது கத்தினால் இந்தக் கூட்டம் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். அம்மா இல்லாத இரண்டு வருஷமும் காலையில் அவளுக்குக் கோணல்மாணலாகச் சடை பின்னிவிட்டவர் அவர்தான்.

சுல்மா இறங்கிப் போய் மாமாவின் கையைப் பிடித்தாள்.

“மாமா, ஒரு நிமிஷம் என் சீட்டுல வந்து உக்காருங்களேன்.”

“வெளையாட நேரமா கண்ணு இது?”

“ஒரே ஒரு நிமிஷம்.”

மாமா பெருமூச்சு விட்டபடி வந்து உட்கார்ந்தார். சுல்மா தாளை அவர் மடியில் வைத்தாள்.

“நீங்க ஜப்பான்ல வண்டி ஓட்டுறீங்க. ஓட்டுங்க.”

“என்னது?”

“ஓட்டுங்க மாமா. வேகம் எவ்வளவு?”

மாமா காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முள்ளைப் பார்த்தார். மடியிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். அவர் கைகள் காற்றிலேயே நின்றுவிட்டன.

“ஐயையோ,” என்றார் மெல்லிய குரலில். “நல்லா இருந்த மூக்கைப் பிடுங்கிப் போட்டுட்டேனே!”

“சத்தம் போடாதீங்க மாமா. வெளியே எல்லாரும் இருக்காங்க.”

மாமா அவள் சடையைச் செல்லமாக ஓர் இழு இழுத்தார். பிறகு கீழே குதித்தார்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க! ஒரு யோசனை வந்திருக்கு!” என்று கத்தினார். வேனுக்கு அடியில் போகக் குனிந்தவர், நிமிர்ந்து சொன்னார். “எனக்கு இல்ல. எங்க சுல்மாவுக்கு வந்திருக்கு. நான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரே சொல்லிவிட்ட பிறகு சிரித்து என்ன பயன்? பிரிமித்திவா அத்தை மட்டும், “ஸ்டெப்னிக்குத் தெளிச்சது வேலை செஞ்சிருச்சு பாத்தியா!” என்றாள்.

புகைக் குழாய் ஆறும் வரை காத்திருந்தார்கள். வலது பக்கத்திலிருந்து வந்த மூக்கு அடுப்புக்கரிபோல் இருந்தது. மாமா இடது பக்கத்திலிருந்த புதிதைக் கழற்றி அங்கே மாட்டினார். தன் தகரப் பெட்டியில் கிடந்த, நேற்றுக் கழற்றிய பழையதைத் துடைத்து, அதன் இடமான இடது பக்கத்திலேயே திரும்ப மாட்டினார். கருவியை அழுத்தி விளக்கை அணைத்தார். அம்மா வண்டியைக் கிளப்பினாள்.

“எரியுதா?”

“இல்ல.”

சுங்கச்சாவடி வரை போனார்கள். “எரியுதா?”

“இல்லம்மா.”

திரும்பி வந்தார்கள். “இப்ப?”

“அம்மா, எரிஞ்சா நானே சொல்ல மாட்டேனா? ரோட்டைப் பாருங்க, அறுபதுல போறீங்க!”

சனிக்கிழமை காலை, சங்கச் செயலாளர் தோன் ரெமிஹியோ ஒரு வெள்ளைத் துணியைப் புகைக் குழாய்க்கு முன்னால் பிடித்தார். அம்மா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். மாமா நகத்தைக் கடித்தார். தோன் ரெமிஹியோ துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“இதுல என் மூஞ்சியத் துடைக்கலாம் போலிருக்கே,” என்றார். கண்ணாடியில் தட நம்பரை ஒட்டிவிட்டு, “கெளம்பும்மா, ஆளுங்க காத்திருக்காங்க,” என்றார்.

முதல் சவாரி. வேன் நிறைய ஆட்கள். பாதி வழியில் அம்மாவின் போன் அடித்தது.

“யாருன்னு பாரு.”

சுல்மா பார்த்தாள். “சிலியிலேருந்தும்மா.”

அம்மாவின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. “நீயே பேசு.”

“ஹலோ... அம்மா வண்டி ஓட்டுறாங்க.”

“ஓட்டட்டும். வர்றாளா இல்லையா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு பாப்பா.”

சுல்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

“வர மாட்டாங்களாம்,” என்றாள் சுல்மா. பிறகு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, “இனிமே எப்பவுமே வர மாட்டாங்க. வேற ஆளைப் பாத்துக்கோங்க,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

“எப்பவுமேன்னு நான் எங்கடி சொன்னேன்?”

“நான்தான் சொன்னேன்.”

முன்னால் ஆளே இல்லாத சாலையில், ஒரு காரணமும் இல்லாமல், அம்மா இரண்டு தடவை நன்றாக அழுத்தி ஹாரன் அடித்தாள்.