குமிழி இல்லாத ஒரு சீசா

சீசாவுக்குள் மறுபடியும் குமிழி இருந்தது.

அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து, விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, மேகம் மூடிய வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் உயரமே உள்ள கண்ணாடிச் சீசா. கடுகளவு காற்று தண்ணீருக்குள் அவசரமே இல்லாமல் ஏறி, மேலே போய் ஒட்டிக்கொண்டது. மூடும்போது அது இல்லை. தண்ணீர் விளிம்புக்கு மேல் மேடுகட்டி நிற்கும்வரை நிரப்பி, அந்த மேடு உடையாமல் மூடியை வைத்துத் திருகியது அவள்தான். இந்த வேலைக்கு வந்து அவள் கை பழகிய முதல் வித்தை அது. கல்யாணத்தன்று நடுங்கிய கைகூட இதில் நடுங்கியதில்லை.

"கொட்டுங்க மேடம், கொட்டுங்க. காலையிலேருந்து நாம கொட்டினதுல ஒரு யானையைக் குளிப்பாட்டி, துடைச்சும் விட்டிருக்கலாம்," என்றார் பின்னால் நின்ற மோட்டார்.

பம்புகளைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் வந்த பெயர். வாய் நிற்காது என்பதும் ஒரு காரணம்.

"கொஞ்சம் சும்மா இருங்கண்ணே."

"நான் சும்மாதான் இருக்கேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையால்ல இருக்கு."

அவள் சீசாவைக் கழிவு வாளியில் கவிழ்த்தாள். தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த இனிப்பு வாடை எழுந்தது. வாடிய பூவும் வார்னிஷும் கலந்தாற்போல் ஒரு வாடை. அவளுடைய சட்டையில், தலையணையில், ரொட்டியில் எல்லாம் அதுதான் இருந்தது.

இங்கே ஒரு காலத்தில் பூட்டுச் செய்தார்கள். பூட்டுகளில் ஒட்டிய எண்ணெயைக் கழுவ ஒரு திரவம் வைத்திருந்தார்கள். கழுவி முடித்ததைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குழியில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீரைவிடக் கனமான அந்தத் திரவம் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரையும் தாண்டி, களிமண் தட்டிய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. தொழிற்சாலையை மூடி, கூரையைப் பிரித்து விற்று, முதலாளியும் போய்ச் சேர்ந்த பிறகும் அது அங்கேயே படுத்திருந்தது. அதைக் கிளப்பத்தான் அவளை அனுப்பினார்கள்.

கிளப்பும் வழி எளிமையானதுதான். ஒரு வரிசைக் குழாய்களில் பூமிக்குள் காற்றை ஊத வேண்டும். இன்னொரு வரிசையில் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். போகிற காற்று, திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கித் தன்னோடு தூக்கி வரும். ஊது, உறிஞ்சு. ஊது, உறிஞ்சு. மூன்று மழைக்காலம் இப்படியே போயிற்று. இப்போது எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டார்கள். மண்ணை இளைப்பாற விட்டு, கடைசியாக ஒருமுறை தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் வேலை முடிந்தது.

எல்லாக் கிணறுகளும் தேறிவிட்டன, ஏழாவதைத் தவிர. கிணறு என்று பேர்தான். ஒரு கை நுழையும் அகலத்தில் பூமிக்குள் இறக்கி, இரும்பு மூடி போட்ட குழாய். தேறாமல் போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. அதற்கு வைத்தியம் உண்டு. இதுவோ பரீட்சை எழுதவே வரமாட்டேன் என்றது. சீசாவில் குமிழி இருந்தால் விஷம் அந்தக் காற்றுக்குள் ஒதுங்கிக்கொள்ளும், தண்ணீர் சுத்தம் என்று பொய்க்கணக்குக் காட்டும். அதனால் ஆய்வகம் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடும். அனுப்பியும் இருந்தது, திரும்பத் திரும்ப.

"ஒரு சீசாவை ஒழுங்கா மூடத் தெரியாதாம்மா உனக்கு?" என்று காலையில் மேலாளர் போனில் கேட்டார். "இன்னிக்குப் பார்சல் போகலைன்னா எல்லாத்தையும் மறுபடி முதல்லேருந்து ஓட்டணும். இன்னொரு மழைக்காலம் அங்கேயே இருந்துக்கோ."

இன்னொரு மழைக்காலம். அவள் மகளுக்கு முதல் பல் ஆடிக்கொண்டிருந்தது. "நீ வந்ததுக்கு அப்புறந்தான் விழணும்மா. நாக்கால கூடத் தொடாம வெச்சிருக்கேன்," என்று நேற்று போனில் சொன்னாள். பக்கத்திலிருந்து கணவன், "ஒரு பக்கமாவே மெல்லுறா. வீட்டுல ஆடு வளர்க்குற மாதிரி இருக்கு. சீக்கிரம் வந்து சேரு," என்றான். அவள் சிரித்தாள். போனை வைத்துவிட்டு, படுக்கையில் உட்கார்ந்து சுவரை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. காத்து மெஷினைப் போட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடுறேன்?"

"மண்ணுக்குள்ள காத்து போகாம தண்ணியில குமிழி எப்படி வரும்? மெஷினை நிறுத்தினா எல்லாம் அடங்கிடணும்ல?"

மோட்டார் சட்டைப் பைக்குள் கைவிட்டு, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். "நிறுத்தின அன்னிக்கே பிடுங்கிட்டேன். தூங்கும்போதும் பையிலதான் இருக்கு. என் பொண்டாட்டி போட்டோவைக்கூட நான் இப்படி வெச்சுக்கிட்டதில்ல மேடம்."

அவள் ஃபியூஸைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். பொறுத்தது போதும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் முறிந்தது.

"நீங்க போய் ஐஸ் பெட்டியைத் தயார் பண்ணுங்க. வண்டி வர்ற நேரம்."

அவர் தலை மறைந்ததும் அவள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் இருந்த இரண்டாம் கிணற்றுக்குப் போனாள். முதல் நாளிலிருந்தே சுத்தமாக இருந்த கிணறு. தண்ணீர் எடுத்தாள். நிரப்பினாள். மேடுகட்டியது. மூடினாள். கவிழ்த்துத் தட்டினாள்.

ஒன்றுமில்லை. கண்ணாடிக்குள் கண்ணாடிபோல் தண்ணீர்.

கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு முழங்காலில் வைத்து, சீட்டில் 'ஏழு' என்று எழுதி ஒட்டினாள். இத்தனை வருடத்தில் ஒரு சொட்டைக்கூட மாற்றி ஊற்றாதவள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் மிதித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பு குழந்தைபோல் உள்ளே ஓடியது.

அலுவலகம் என்பது பழைய கட்டடத்தில் இடிக்காமல் விட்டுவைத்த ஓர் அறை. நடுவில் மேசை, ஓரத்தில் அவளுடைய கட்டில், தடுப்புக்கு அந்தப் பக்கம் காற்று இயந்திரங்கள். ஐஸ் பெட்டி மேசைமேல் திறந்தே இருந்தது. மோட்டார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் சீசாவைப் பனிக்கட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி, கையை வெளியே எடுக்கப்போனவள் அப்படியே நின்றாள்.

குமிழி. கடுகளவு இல்லை, பட்டாணியளவு.

அவள் குனிந்தாள். ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, எங்கோ தகரத்திலிருந்து காலை மழையின் மிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது, பனிக்கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து மெல்ல நெரிந்தன, அந்தச் சத்தங்களுக்கெல்லாம் நடுவில் ஒரு சத்தமும் இல்லாமல், இறுக்கி மூடிய கண்ணாடிக்குள் அந்தக் குமிழி சிறுத்தது. பிறகு பெருத்தது. மறுபடி சிறுத்தது. மூடிய சீசாவுக்குள் காற்று வளராது, தேயாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுத்தது. நின்றது. பெருத்தது.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

நாற்காலி அசையவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தூங்கவில்லை. கண்கள் திறந்திருந்தன, ஈரமாக, அவளையே பார்த்தபடி. சட்டைப் பையில் ஃபியூஸின் புடைப்பு மேலே ஏறியது. இறங்கியது. அவள் சீசாவைப் பார்த்தாள், அவர் மார்பைப் பார்த்தாள். இரண்டும் ஒரே தாளத்தில்.

"அண்ணே?"

மார்பு இறங்கும்போது மட்டும் அவருடைய வாய் அசைந்தது.

"மேடம்..."

ஏறியது. இறங்கியது.

"எனக்கு... மூச்சு..."

ஏறியது. இறங்கியது.

"நான்... விடல. அது... விடுது."

நாள் முழுதும் ஓயாத வாய், மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல், அடுத்த முறைக்காகத் திறந்தே இருந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். இடுப்பு கட்டிலில் இடித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தின் கருப்புத் திருகுக் குமிழ், வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் அப்படியே நின்றிருந்தது. அந்தக் கோட்டைப் போட்டது அவள்தான். முதல் மாதம் ஊதலும் உறிஞ்சலும் தாறுமாறாக மாறி மாறி வந்து அவளைத் தூங்க விடவில்லை. ஒரு ராத்திரி எழுந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு, உடம்புக்கு இதமாகப்படும்வரை அந்தக் குமிழைத் திருகினாள். எந்த வேகத்தில் தூக்கம் வந்ததோ, அந்த இடத்தில் கோடு. புத்தகத்தில் சொன்ன வேகம் வேறு. யாரும் கேட்கவில்லை. மூன்று மழைக்காலமும் களிமண்ணில் படுத்திருந்த அதற்கு அந்தத் தாளத்தில்தான் காற்று போனது, வந்தது. போனது, வந்தது.

அவளுடைய மூச்சின் தாளத்தில்.

மேசைமேல் கிடந்த போனைப் பறித்துக்கொண்டு அவள் ஓடினாள்.

கூரையில்லாத பழைய தொழிற்கூடத்தைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். சிமெண்டுத் தரை முழுக்க மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இயந்திரங்கள் நின்ற இடங்களில் துருப்பிடித்த போல்ட்டுகள். விரிசல்கள். பாதி தூரத்தில் அவள் கால் தானாக நின்றது.

எல்லா விரிசல்களிலும் குமிழிகள்.

ஒவ்வொரு தேக்கத்திலும். சின்னதும் பெரிதுமாக, நூற்றுக்கணக்கில். உடையாமல். சேர்ந்து பெருத்தன. சேர்ந்து சிறுத்தன. இனிப்பு வாடை இடுப்பளவு நின்றது.

அவள் மூச்சை அடக்கினாள்.

குமிழிகள் நின்றன.

தரை முழுவதும். அப்படியே.

காது இரைந்தது. நெஞ்சு எரிந்தது. விட்டுவிடக் கூடாது. தாள முடியவில்லை. வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம். இன்னும்.

அவள் விடவில்லை.

முதலில் அவை பெருத்தன. அதன் பிறகு அவள் மார்பு விரிந்தது. அவள் விரிக்கவில்லை.

சிறுத்தன. அவளிடமிருந்து காற்று போனது.

கையில் போன் அதிர்ந்தது. வீட்டு எண். கட்டைவிரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது.

"அம்மா," என்றது மகளின் குரல், ரொம்பப் பக்கத்தில். "பார்சல் அனுப்பிட்டியா? எப்ப வருவே?"

நான் வரக் கூடாது என்று இவளிடம் எப்படிச் சொல்வது. வைத்துவிடு கண்ணு. போனை வை. சொல்லக் காற்று வெளியே வரவில்லை. உள்ளே இருந்தது, பாதி மார்பில், அசையாமல். தரையில் குமிழிகள் எல்லாம் ஒரே அளவில் நின்றுவிட்டிருந்தன. உற்றுக் கேட்பதைப்போல.

"அம்மா? கேக்குதா?"

கேட்டது.

விரிசல்களில் எல்லாக் குமிழிகளும் மெதுவாக, மிக மெதுவாகச் சிறுக்கத் தொடங்கின. அவளுடைய உதடுகள் பிரிந்தன. அவள் அனுப்பாத ஓர் இடத்துக்கு நாக்கு நகர்ந்தது.

"வர்றேன் கண்ணு," என்றது அவள் வாய். "இதோ, கிளம்பிட்டேன்."